கப்பல் ஏறப்போகும் மகளுக்கு

அன்பு மகளே,

ஏழு இரவுக் கப்பல் பயணம் போகலாமென்று இருக்கிறோம், எந்த கேபினை எடுப்பது என்று கேட்டிருந்தாய். விளம்பரப் படங்களில் நீச்சல் குளமும் விருந்து மேசையும்தான் தெரியும், அடியில் கடல் இருப்பது தெரியாது. பயணத்தில் அவதிப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதை மறந்தவர்கள்தான். கேபினிலிருந்தே தொடங்குகிறேன், காசைக் கட்டிவிட்டால் மாற்ற முடியாதது அதுதான்.

கப்பல் இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் உருளும், முன்னும் பின்னும் ஏற்றப்பலகை போல ஏறி இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, நீருக்கடியில் இரு பக்கமும் மீனின் துடுப்பு மாதிரித் தகடுகள் வைத்திருப்பார்கள். முன்பின் ஆட்டத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்றப்பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு அசைவு குறைவு, நுனியில் உட்கார்ந்தவன்தான் தூக்கிப் போடப்படுவான். கப்பலிலும் அதே கணக்கு. நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம், இதுதான் அசைவு குறைந்த இடம். மேல்தளத்து முன்முனையில் இருக்கும் பால்கனி கேபினுக்கு விலையும் அதிகம், ஆட்டமும் அதிகம். உனக்குப் பேருந்தில் போனாலே தலை சுற்றும், அதனால் அந்த ஆசை வேண்டாம்.

அடுத்தது சத்தம். டெக் வரைபடத்தை, அதாவது கப்பலின் ஒவ்வொரு தளத்திலும் என்ன இருக்கிறது என்று காட்டும் படத்தைத் திறந்து, நீ பார்க்கும் கேபினுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார். மேலும் கீழும் கேபின்களாகவே இருந்தால் நிம்மதி. நீச்சல் குளத்தளத்துக்கு அடியில் படுத்தால் விடியுமுன்பே சாய்வு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். நாடக அரங்குக்கு மேலே என்றால் நள்ளிரவு வரை மத்தளம். முன்முனையின் கீழ்த்தளத்தில், துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகளும் நங்கூரச் சங்கிலியும் கட்டிலையே உலுக்கும். வரைபடத்தில் பெயர் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடங்களையும் நம்பாதே, அவை சமையல் கூடமாகவோ பண்டகசாலையாகவோ இருக்கும். 'கேபின் எண்ணை நாங்களே ஒதுக்குவோம்' என்று மலிவாகத் தருவது ஒன்று உண்டு. எங்கே போட்டாலும் தூங்குவேன் என்கிறவர்களுக்குத்தான் அது லாபம்.

ஜன்னல் இல்லாத உள் கேபின் மட்டமானது இல்லை. நடுப்பகுதியில் கிடைத்தால் நன்றாகத் தூக்கம் வரும். ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாத கும்மிருட்டு, பேரனுக்காக ஒரு சின்ன இரவு விளக்கு எடுத்துக்கொள். பால்கனிதான் வேண்டுமென்றால் ஒன்றை மறக்காதே: பால்கனிக் கதவும் நடைவழிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காற்று சுரங்கம் போலப் பாய்ந்து, கனமான கதவை அறைந்து சாத்தும். விரல் நசுங்குவது அப்படித்தான்.

கப்பலின் நெரிசலை முன்கூட்டியே அறிய ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். மொத்த டன்னேஜை, கேபினுக்கு இருவர் வீதம் கணக்கிட்ட பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பார். இந்த டன்னேஜ் எடை அல்ல, கப்பலின் உள்கொள்ளளவுக்கான அளவு. 30க்குப் பக்கத்தில் வந்தால் இடிபடும், 40ஐத் தாண்டினால் தாராளம். 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன், இருவர் வீதம் 5,610 பேர், வகுத்தால் 44 வருகிறது. ஆனால் பள்ளி விடுமுறை நாட்களில் ஒரே கேபினில் மூன்று நான்கு பேர் ஏறுவார்கள், அப்போது இந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

கட்டணத்தில் அறையும் பொதுச் சாப்பாடும் கலை நிகழ்ச்சிகளும்தான் அடக்கம். மதுவும் குளிர்பானமும், இணையம், தனி உணவகங்கள், கரையில் சுற்றிப் பார்ப்பது, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாக ஏறும் ஊழியர் அன்பளிப்பு, எல்லாமே தனி. பானத் தொகுப்பை, அதாவது பானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் திட்டத்தை, ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. மாப்பிள்ளை ஒருவருக்காக நீயும் கட்ட வேண்டிவரும். கரையில் கழியும் நாட்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்.

கப்பல் கிளம்பும் ஊருக்கு முதல் நாளே போய்விடுங்கள். கப்பல் கிளம்பும் அன்று காலை விமானத்தில் போய் மாலையில் ஏறலாம் என்று எண்ணாதே. விமானம் தாமதமானால் அடுத்த விமானம் உண்டு, கப்பலுக்கு அடுத்தது இல்லை. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே ஏற்றிக்கொள்வதை நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். விசாவை வழியில் வரும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பார். கரையில் இறங்காவிட்டாலும் விசா கேட்கும் நாடுகள் உண்டு. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் எல்லையிலிருந்து கிளம்பி, வெளியே ஒரு நாட்டைத் தொட்டுத் திரும்புகிற வழித்தடமென்றால் பலமுறை நுழையும் விசாதான் செல்லும்.

பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், கேபின் வாசலுக்கு அது வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுடை, பேரனின் நீச்சல் உடை, இவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, கெட்டில், மெழுகுவர்த்தி எல்லாம் பறிமுதல். சர்ஜ் பாதுகாப்பு, அதாவது மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் கருவி, உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையும் கூடாது, ஏன் என்று பலர் கேட்பார்கள். வீட்டு வயரிங்கில் நியூட்ரல் கம்பி தரையோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை, இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்கென்று செய்த அந்தப் பாதுகாப்புக் கருவி அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். அதற்குப் பதில் பல துளை கொண்ட யுஎஸ்பி சார்ஜர் போதும். கேபின் சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நான்கு கொண்டுபோ, ஈரத்துணி, தொப்பி, பை எல்லாம் தொங்கவிடலாம்.

ஏறியதும் பாதுகாப்பு ஒத்திகை. சலித்துக்கொள்ளாதே. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு ஒத்திகையை மறுநாளைக்கு வைத்திருந்தார்கள், அப்போதைய விதி 24 மணி நேரம் அவகாசம் தந்தது. அதன் பிறகு விதியை மாற்றி, கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே நடத்த வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏழு குறுகிய ஒலி, பின் ஒரு நீண்ட ஒலி: இதுதான் அபாய அறிவிப்பு. கூட வேண்டிய இடத்தின் அடையாளம் அறைச் சாவி அட்டையிலேயே இருக்கும். கேபினிலிருந்து அங்கே படிக்கட்டு வழியாக ஒருமுறை பேரனையும் நடத்திக் கூட்டிப் போ, அபாயத்தில் லிஃப்ட் உதவாது. அவன் அளவுக்கு உயிர்காப்புச் சட்டை தனியாகக் கேட்டு வாங்கு.

கடல் குமட்டலுக்கு மாத்திரை, குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்றவற்றைக் கடல் கலங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும், மதுவோடு சேர்க்கக் கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வரை தாங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆகாது. எதை எடுப்பதென்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். தலை சுற்றத் தொடங்கினால் கேபினுக்குள் படுத்துப் போனைப் பார்க்காதே. திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார். உடம்பு உணர்வதையே கண்ணும் பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

கப்பலில் பரவும் வாந்திபேதி பெரும்பாலும் நோரோவைரஸால் வருவது. உணவகத்து வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் அதன்மேல் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி, அதையும் பொதுக் கரண்டிகளைத் தொட்ட பிறகு, சாப்பிடக் கைவைக்குமுன் செய்ய வேண்டும். தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் அறிகுறி தெரியும். வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல், கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள். அங்கே சிகிச்சைக்குத் தனி பில் வரும். ஹெலிகாப்டரில் கரைக்கு எடுத்துச் செல்வதையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதே.

கழிப்பறை வெற்றிடத்தால் உறிஞ்சும் வகை. ஈரத் துடைப்புத் தாள் ஒன்றைப் போட்டால் அந்த வரிசை கேபின்கள் எல்லாவற்றிலும் அடைத்துக்கொள்ளலாம். குளியலறை வாசல் விளிம்பு உயர்ந்திருக்கும், இரவில் கால் தட்டும்.

துறைமுகத்தில் இறங்கும் நாளில் கடிகாரம்தான் எஜமான். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம், போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள். அறிவிக்கும் நேரம் கப்பல் கிளம்பும் நேரமல்ல, எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம். அதற்கும் ஒரு மணி முன்பே திரும்பும்படி திட்டமிடு. கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், தனியாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள். அதனால் தூரமான இடத்துக்கு அவர்களோடும், நடந்து போகும் தூரத்துக்குத் தனியாகவும் போங்கள். பாஸ்போர்ட்டின் நகலும், கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணும் பையில் இருக்கட்டும். சில ஊர்களில் கப்பல் கரைக்குச் சற்றுத் தள்ளிக் கடலிலேயே நங்கூரமிட்டுச் சின்னப் படகில் அனுப்பும். அலை பெரிதானால் அந்த ஊரையே விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் துறைமுக வரி மட்டுமே திரும்பும். ஒரே ஊருக்காக மட்டும் வழித்தடத்தைத் தேர்வு செய்யாதே.

போனை ஏறியதுமே விமானப் பயன்முறையில் போடு. நடுக்கடலில் கப்பலின் சொந்தச் செல்பேசி அலைவரிசையில் அது தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் பில் தலையில் விழும்.

கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணியையும் செருப்பையும் வெளியே எடுத்துவிட்டுப் பூட்டு. திரும்பும் விமானம் நண்பகலுக்குப் பிறகு இருக்கட்டும்.

கட்டணம் கட்டுமுன் கேபின் எண்ணையும் டெக் வரைபடத்தையும் எனக்கு அனுப்பு. மேலே கீழே என்ன இருக்கிறது என்று நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா