இந்த வருட டாக்ஸ் விஷயமாக

அன்புள்ள அம்மு,

போனில் பேசும்போது குட்டி பக்கத்திலேயே இருந்ததால் எதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த வருடம் டாக்ஸ் ரிட்டர்னை மாப்பிள்ளையோடு சேர்த்து ஜாயிண்டாகப் போடாதே.

தனியாகப் போட்டால் அவரைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று கேட்டாய். ஆகாது கண்ணு. அவர் ஜெயிலில் இருப்பதால் ஐஆர்எஸ் என்கிற அமெரிக்க வரித்துறையின் கணக்கில் உங்கள் கல்யாணம் மாறிவிடவில்லை. டிசம்பர் 31 அன்று விவாகரத்தோ கோர்ட் உத்தரவுப்படி பிரிவோ ஆகியிருக்காவிட்டால் நீ மணமானவள்தான். சிங்கிள் என்று போடவும் முடியாது. நீ குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் அவரைப் பார்த்துவருவது வேறு, இந்தப் படிவம் வேறு.

என் பயமெல்லாம் அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான். ஜாயிண்டில் கையெழுத்துப் போட்டால் அந்த வருடத்து வரி முழுவதற்கும் நீயும் பொறுப்பு, பாதிக்கு மட்டும் இல்லை. ஜனவரியிலிருந்து அவர் உள்ளே போன மே மாதம் வரை அவர் கம்பெனியில் என்ன வரவு, என்ன செலவு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நோட்டீஸ் வந்தால், மாதச் சம்பளம் வாங்குகிற உன்னைத்தான் பிடிப்பார்கள். 8857 படிவம் போட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று விலக்குக் கேட்கலாம். அது மாதக்கணக்கில் இழுக்கும், கிடைக்கும் என்று உறுதியும் இல்லை. அவர் பேரில் பழைய வரி பாக்கி இருந்தால் ரீஃபண்டையும் அதற்கு எடுத்துக்கொள்வார்கள்.

நீ போட வேண்டியது ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், அதாவது குடும்பத்தைத் தாங்குகிறவர் என்கிற வகை. வருடத்தின் கடைசி ஆறு மாதம் கணவர் வீட்டில் இருந்திருக்கக் கூடாது, பிள்ளை பாதி வருடத்துக்கு மேல் உன்னோடு இருந்திருக்க வேண்டும், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீ கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வரி, இன்சூரன்ஸ், கரண்ட், மளிகை எல்லாம் இதில் சேரும். பள்ளிச் செலவும் துணிமணியும் சேராது. பில்களை எடுத்து வை. 2025-க்கு இதில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், அதாவது வரி போடாமல் வருமானத்தில் கழிக்கிற தொகை, 23,625 டாலர். மணமானவர் தனித்தனியாகப் போடுகிற வகையில் 15,750-தான். ஜாயிண்டில் 31,500 கிடைக்கும், அதில் கொஞ்சம் வரி மிச்சமாகும், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மிச்சத்துக்காக அந்தக் கணக்கை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். நோய், படிப்பு, வேலை காரணமாக வெளியே இருப்பவரைத் தற்காலிகமாகப் போயிருக்கிறார் என்று சொல்லி, வீட்டில் இருந்ததாகவே வைத்துக்கொள்வார்கள்; அப்படி வைத்தால் அந்த ஆறு மாத நிபந்தனை நிற்காது. விசாரணை முடியாமல் ஜெயிலில் இருந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2007-ல் வரி நீதிமன்றம் அதையும் தற்காலிகம் என்றே எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளைக்கு ஏப்ரலிலேயே நான்கு வருடம் தண்டனை ஆகிவிட்டதால் உன் நிலைமை வேறு என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் தண்டனை உத்தரவின் நகலைக் கொண்டுபோய் ஒரு என்ரோல்டு ஏஜென்ட்டிடம், அதாவது ஐஆர்எஸ் அங்கீகரித்த வரி ஆலோசகரிடம், காட்டிக் கேட்டுவிடு. நல்லவேளை நீ வட கரோலினாவில் இருக்கிறாய். டெக்சாஸ், கலிபோர்னியாவாக இருந்தால் இருவர் வருமானத்தையும் பாதிப் பாதியாகக் காட்டுகிற சிக்கல் வேறு வந்திருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் இது. இப்போது தனியாகப் போட்டுவிட்டு, அவர் கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது என்று பின்னால் தெரிந்தால், கெடு தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஜாயிண்டாக மாற்றிக்கொள்ளலாம். ஜாயிண்டாகப் போட்டு ஏப்ரல் 15 தாண்டிவிட்டால் தனியாக மாற்ற முடியாது.

மாப்பிள்ளையும் தன் ரிட்டர்னைத் தனியாகப் போட வேண்டும். மணமானவர் தனித்தனியாகப் போடுகிற வகையில் மொத்த வருமானம் 5 டாலர் இருந்தாலே போட்டாக வேண்டும். படிவத்தைத் தபாலில் அனுப்பினால் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அதற்கு முன்னால் நீயே அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் காரணத்தைச் சொல்லிவிடு, வேறு யார் மூலமும் அவர் காதுக்குப் போகக் கூடாது. சம்பந்தியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் வேலையிடம் தருகிற டபிள்யூ-2 சம்பளப் படிவம் வந்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்பு.

அம்மா