வராந்தா விளக்கை அணைத்துவிடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டூனியா பூத்திருக்கிறது, ஆனால் கொடி மாதிரி இழுத்துக்கொண்டு போய் நுனியில் மட்டும் ரெண்டு பூ. சாமந்தி புதர் மாதிரித் தழைத்து நிற்கிறது, மொட்டைக் காணோம். செம்பருத்தி மொட்டு வைத்து வைத்து உதிர்க்கிறது. "இந்த வருஷம் குளிரே இல்லையே, அப்புறம் என்னதான் பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் மூன்று காரணம் இருக்கிறது.

முதலில் சாமந்தி. மற்றதெல்லாம் ஒரு வாரம் தாமதித்தாலும் சரிசெய்துவிடலாம், இதில் நாள் போனால் போனதுதான். சாமந்திக்கு மொட்டு வைக்கத் தேவை நீண்ட இருட்டு. தினமும் 12 மணி நேரத்துக்கு மேல் இடையில் வெளிச்சமே படாத இருட்டு கிடைத்தால்தான் நுனியில் இலை வைப்பதை நிறுத்திவிட்டு மொட்டுக்குத் திரும்பும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920-ல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலையிலும் சோயாவிலும் காட்டினார்கள். செடி உண்மையில் கணக்கு வைப்பது இருட்டைத்தான் என்பது அதற்குப் பிறகு தெரியவந்தது. இப்போது உன் படத்தைப் பார். தொட்டிகளுக்கு நேர் மேலே வராந்தா விளக்கு. ராத்திரி முழுக்க எரிகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பூ வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் நடுராத்திரியில் சில மணி நேரம் வேண்டுமென்றே விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளிப்போடுவார்கள். நீ காசு செலவழித்து அதே வேலையைத் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறாய்.

விளக்கை அணைத்துவிடு. அணைக்க முடியாது என்றால் தொட்டியைச் சுவருக்கு அந்தப்பக்கம் மாற்று. அதுவும் முடியாதென்றால் சாயங்காலம் 6 மணிக்குப் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, காலை 7 மணிக்கு எடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் பலன் இருக்காது, தினமும் வேண்டும். மொட்டில் நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். ஏறத்தாழ மூன்று வாரத்தில் நுனியில் கடுகு அளவு மொட்டு கண்ணுக்குத் தெரியும். ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ. இந்த நேரத்தில் நுனி கிள்ளவே கூடாது. கிள்ளும் வேலையெல்லாம் செடி ஒரு சாண் உயரம் இருக்கும்போது தொடங்கி, பூக்கும் காலத்துக்கு மூன்று மாதம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

மொட்டு மிளகு அளவுக்கு வந்ததும் ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பார். நடுவில் ஒரு மொட்டு சற்றுப் பருத்து இருக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் சின்னச் சின்னதாக வேறு மொட்டுகள். பெரிய பூ ரகமாக இருந்தால் நடு மொட்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடு. கத்திரிக்கோல் வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினால் மொட்டு தனியாகக் கழன்று வரும். சுண்டைக்காய் அளவு வரைக்கும் விட்டுவிட்டால் காம்பு நார் பிடித்துப் பட்டையோடு உரிந்து வரும், செடி அதற்குள் பாதி சத்தை வீணாக்கியும் இருக்கும். சின்னப் பூ ரகத்தில் இதைச் செய்யாதே, கொத்தாகப் பூப்பதுதான் அதற்கு அழகு.

அடுத்தது பெட்டூனியா. இதற்குக் குறைந்தது 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கோடையில் வெயில் அடித்த இடம் இப்போதும் வெயில் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் சாய்ந்து போவதால் கைப்பிடிச் சுவரின் நிழலே பாதித் தோட்டத்தை மூடிவிடும். ஒரு விடுமுறை நாளில் காலை 9, மதியம் 12, மாலை 3 என்று மூன்று தடவை போய், நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். மூன்று தடவையும் நிழல் விழாத இடத்தில் பெட்டூனியாவும் துலுக்கச் சாமந்தியும் (செண்டுமல்லி) இருக்கட்டும். பேன்சி அரை நாள் வெயிலில் சமாளித்துக்கொள்ளும்.

நீண்டு போன கொடிகளைப் பாதியாக வெட்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதே, மூன்று வாரம் தொட்டி மொட்டையாக நிற்கும். இந்த வாரம் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த வாரம் இன்னொரு பங்கு, அதற்கடுத்த வாரம் மிச்சம். வெட்டிய இடத்துக்குக் கீழே நாலைந்து இலையாவது இருக்க வேண்டும், வெறும் தண்டை விட்டால் துளிர்க்கத் தாமதமாகும்.

வாடிய பூவை எடுக்கிறேன் என்று சொன்னாய். எப்படி எடுக்கிறாய் என்பதுதான் கேள்வி. பெட்டூனியாவில் வாடிய இதழைப் பிடித்து இழுத்தால் புனல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும், கையும் பிசுபிசுக்கும், வேலை முடிந்தது போலத் தோன்றும். செடியில் மிச்சம் நிற்பதை உற்றுப் பார். பச்சை நிறத்தில் ஐந்து விரல் மாதிரி ஒரு கிண்ணம், அதன் நடுவே கூர் முனையோடு ஒரு சின்னக் காய். விதை உருவாகும் இடம் அதுதான். அது இருக்கும்வரை செடி விதையை முற்றவைப்பதில்தான் குறியாக இருக்கும். அதனால் கிண்ணத்துக்கும் கீழே, காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கிள்ளி எடு. நீ அனுப்பிய நாலாவது படத்தில் மட்டும் பதினைந்து காய் எண்ணினேன். வாரம் இரண்டு நாள் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

இனி தண்ணீர். உன் தோட்டத்தில் பாதித் தொல்லை இதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். கோடையில் தினமும் ஊற்றிய கை இப்போதும் தினமும் ஊற்றுகிறது. மண் குளிர்ந்திருக்கும்போது வேர் மெதுவாகத்தான் உறிஞ்சும், மண்ணும் மெதுவாகத்தான் காயும். மேல்மண் வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாறாதே. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார், அங்கே ஈரம் தட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சின்னத் தொட்டியென்றால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், நாலு நாளில் கை பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு நிறைவாக ஊற்று, அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் ஊற்றினால் ராத்திரிக்குள் இலையும் மேல்மண்ணும் உலர்ந்துவிடும். ரோஜாவில் வரும் கரும்புள்ளி நோய்க்கு இலை ஏழு மணி நேரமாவது நனைந்தே இருக்க வேண்டும். சாயங்காலம் ஊற்றுகிறவர்கள் அந்த நேரத்தைத் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் போதாமல் காய்ந்த செடியும் தலை தொங்கும், வேர் அழுகிய செடியும் தலை தொங்கும். தொங்குவதைப் பார்த்ததும் குவளையைத் தூக்காதே, முதலில் விரலை விடு. மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பார். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, தோட்ட மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்த புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வை.

செம்பருத்திக்கு வருகிறேன். இது வெப்பத்தை விரும்பும் செடி. ராத்திரி 12 டிகிரிக்குக் கீழே போனாலே சோம்பிவிடும். பகலில் நல்ல வெயில், ராத்திரி சில்லென்று இருந்தால் மொட்டு உதிரும், கூடவே தண்ணீரும் அதிகமானால் இலையும் மஞ்சளாகும். ஆனால் முடிவு கட்டுவதற்கு முன் உதிர்ந்த மொட்டு நாலைந்தைப் பிளந்து பார். உள்ளே வெளிர் மஞ்சளாகப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அந்தப் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகித் திரும்ப ஈயாக வரும். அதனால் உதிர்ந்ததை தினமும் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடு, உரக்குழியில் போடாதே. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தொட்டியை மதிய வெயில் படும் சுவரை ஒட்டி வை. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். குளிர் விலகும்வரை கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, வேண்டாம், புதுத் துளிர் குளிரைத் தாங்காது.

மல்லிகை பூக்கவில்லை என்று கவலைப்பட்டிருந்தாய். அது ஓய்வில் இருக்கிறது, விட்டுவிடு. தண்ணீரைக் குறை, உரம் போடாதே. குளிர்காலம் முடியும் தறுவாயில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் தொழுவுரம் வைத்தால் புதுக்கிளையில் பூ வரும். அதற்கு முன் அதை எழுப்ப நினைப்பது வீண். டிசம்பர் பூவுக்கு நான் சொல்ல ஒன்றுமே இல்லை, அதற்கு இதுதான் பருவம். பூத்து முடிந்ததும் கிளையை வெட்டி மண்ணில் குத்தினால் வேர் பிடித்துவிடும். காகிதப்பூவை மட்டும் கொஞ்சம் காயவிடு. இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்று, செழிப்பாக வைத்தால் இலைதான் தள்ளும்.

உரம் பற்றி: கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவை. வெயில் காலத்தில் மூன்று நாளில் புளித்துவிடும், இப்போது ஆறேழு நாள் ஆகும். தெளிவை வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, தொட்டிக்கு ஒரு குவளை வீதம் பத்து நாளுக்கு ஒரு முறை ஊற்று. சரியாகப் புளிக்காததை ஊற்றினால் மண்ணிலேயே புளித்து வேரைச் சுடும், ஈயும் மொய்க்கும். துலுக்கச் சாமந்தி நாற்றின் இலை அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கிறதே, அதற்கும் உரம் போடத் தோன்றும், போடாதே. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் குளிர்ந்த மண்ணில் வேரால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பலகை மேல் வை. வெயில் ஏறினால் புது இலை பச்சையாகவே வரும்.

குளிர் குறைவான வருஷத்தில் பூ அதிக நாள் நிற்கும், சந்தோஷம்தான். துளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் நிற்கும், அதுதான் சங்கடம். கடுங்குளிர் அதை ஒழித்திருக்கும். இப்போது ஆண் துணைகூட இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டே போகும். சாமந்தியில் நுனித் துளிரிலும் மொட்டுக் காம்பிலும் கறுப்பாக மொய்த்திருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் மேலே அசுவினி இருக்கிறது என்று அர்த்தம். முதலில் வேகமான தண்ணீரால் அடி, பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கு. எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலேயே மிதக்கும், கடைசியில் தெளிக்கும் இடத்தில் இலை கருகும். வெயில் இறங்கிய பிறகு தெளி, வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம். மேலே மட்டும் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்லாதே, பூச்சி இருப்பது இலைக்கு அடியில்.

எப்போதாவது ஒரு ராத்திரி திடீரென்று உறைபனி விழும் என்று வானிலையில் சொன்னால், அன்று பகலிலேயே மண்ணை நனைத்துவிடு, ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். குச்சி நட்டு அதன்மேல் பழைய போர்வையைத் தரைவரை போர்த்து. பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடு.

விளக்கை அணைத்து மூன்று வாரம் கழித்துச் சாமந்தி நுனியைப் படம் எடுத்து அனுப்பு. பூவை மட்டும் எடுக்காதே, இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடு.

அன்புடன்,
அப்பா