பேர் சொல்லாமல் ஒரு நன்றி

நன்றி மடல் என்றால் பேர் போட்டு எழுதுவதுதான் முறை. எனக்கு அதற்கு வழியில்லை. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்தில் பார்த்தவர்களின் பேரை வெளியே சொல்வதில்லை என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் என் பேரும் வேண்டாம். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரன், தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன், அவ்வளவு போதும். படித்தால் அவரவருக்குத் தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும்.

நான் கடைசியாகக் குடித்து 14 மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் இது லேசில்லை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவிலிருந்துதான் கேரளத்தில் பல ஜில்லாவுக்கும் கள்ளு வண்டி போகிறது. இந்தப் பக்கம் கள்ளுஷாப்பு, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, டாஸ்மாக். ஒன்றாம் தேதி கேரளத்தில் கடை அடைப்பு என்றால் அங்கே போவோம். திருவள்ளுவர் தினத்துக்கு அங்கே அடைத்தால் இங்கே வருவோம். அக்டோபர் 2-ந் தேதி இரண்டு பக்கமும் கிடையாது, 1-ந் தேதி கேரளத்தில் கிடையாது. மண்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறேன், இந்தக் கணக்கு ஒரு வருஷமும் தப்பியதில்லை.

முதல் நன்றி பக்கத்து வீட்டு நர்ஸ் சேச்சிக்கு. வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் ராத்திரி கை உதறல், வேர்வை, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. பேய் பிடித்துவிட்டது என்று அம்மா திருநீறு எடுக்கப் போனாள். சேச்சி வந்து கையைப் பிடித்துப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கடைசியா எப்ப குடிச்சீங்க?" உடனே ஆஸ்பத்திரி. நெடுநாள் குடித்த உடம்புக்குத் திடீரென்று குடி நின்றால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு ஆறு நாள் படுக்க வைத்தார்கள். குடிகாரன் திருந்துவதில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் அந்த எறும்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

(பாலில் கலந்து கொடுத்தால் தெரியாமலே குடி மறந்துபோகும் என்று ஒரு பொடியை என் மனைவியிடம் ஆறாயிரத்துக்கு விற்றவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.)

அடுத்தது ஒரு குரல். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏ.ஏ. நம்பர் பார்த்து அழைத்தேன். "இன்னிக்குக் குடிச்சீங்களா?" "இல்லீங்க." "அப்ப நாளைக்கு இதே நேரம் வரைக்கும் குடிக்காம இருந்து ஒரு போன் போடுங்க. அதுக்கு மேல இப்ப யோசிக்காதீங்க." பதினோரு நாள் அப்படியே பேசினோம். அவர் முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. கூட்டம் எங்கே, என்றைக்கு என்று சொன்னவர் அவர்தான்.

சொல்லிவிட்டார், போக வேண்டுமே. ஒரு சர்ச்சின் பின்னால் சின்ன ஹால், போர்டு கிடையாது. முதல் வாரம் கேட் வரை போய்விட்டு டீக்கடையோடு திரும்பினேன். இரண்டாம் வாரம் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் உள்ளே போவதைப் பார்த்து ஓடிவந்தேன். அவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை! மூன்றாம் வாரம் நல்ல மழை. புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நிற்கிறேன். வயசான சேட்டன் ஒருவர் குடையோடு வந்து, "மீட்டிங்கினாணோ?" என்றார். தலையாட்டினேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்தார்.

உள்ளே ஒன்பது பேர், ஒரு பிளாஸ்க், முறுக்குத் தட்டு. எல்லாரும் மலையாளத்தில் பேசினார்கள். எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் என் முறை வந்தபோது தமிழ்தான் வந்தது. தமிழிலேயே அழுதேன், மலையாளத்தில் தட்டிக் கொடுத்தார்கள். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், ஒரு பங்கு வியாபாரியும் ஒரு சர்ஜனும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசித்தான் இது தொடங்கியது என்று சேட்டன் சொன்னார். சேருவதற்குப் பீஸ் இல்லை, சாதி, மதம் கேட்பதில்லை. குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும்.

மச்சானுக்கும் நன்றி. என் கடையடைப்புக் கணக்கெல்லாம் தெரிந்தும் வீட்டை விட்டுத் துரத்தாதவர். நான் தெளிந்த சந்தோஷத்தில் ஐயாயிரத்தைக் கவரில் போட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். வெளியாள் காசு வாங்குவதில்லை என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்குள் சுற்றிவரும் தட்டில் விழுகிற பத்து, இருபதுதான் ஹால் வாடகையும் டீயும். மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம். என் மனைவியோ குடும்பத்தாருக்கென்று தனியாக இருக்கும் அல்-அனான் கூட்டத்தில் போன் வழியாகச் சேர்ந்துவிட்டாள். அங்கே என்ன பேசுகிறாள் என்று என்னிடம் சொல்வதில்லை. கேட்கவும் கூடாதாம்.

சேட்டா, அன்றைக்குக் கூட்டம் முடிந்தும் மழை விடவில்லை என்று குடையை என்னிடமே கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறினீர்கள். ஒவ்வொரு வாரமும் எடுத்துவைத்து மறந்துவிடுகிறேன். ஒரு கம்பி வளைந்திருந்ததைச் சரி பண்ணி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கட்டாயம் கொண்டுவருகிறேன்.