தராசுக்கு ஒரு திரை போடுங்கள்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன தவணையில் ஒரு புதன்கிழமை என் மகளின் வகுப்பில் உயரமும் நிறையும் பார்த்தார்கள். தரம் 6. கரும்பலகைக்கு முன்னால் தராசு. ரீச்சர் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல, பின்வாங்கில் இருந்த மொனிற்றர் கொப்பியில் எழுத வேண்டும். மின்விசிறிச் சத்தத்தில் அந்தப் பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் என் மகளுடைய நிறை மட்டும் இரண்டு தரம் சொல்லப்பட்டது. "நாற்பத்தாறு. நாற்பத்தாறு பிள்ளை, எழுதும்." வகுப்பு சிரித்தது. ரீச்சரும் சிரித்தார் என்று மகள் சொல்கிறாள். நான் அங்கே நிற்கவில்லை, ஆகவே அதை அழுத்திச் சொல்லப் போவதில்லை.

இது எனக்குத் தெரியவரவே மூன்று கிழமை ஆயிற்று. பி.ரி. (உடற்பயிற்சி) பாடம் இருக்கும் நாட்களில் காலையில் வயிற்றுவலி வந்தது. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது. ஒருநாள் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் பள்ளிக்கூட வான் வந்து நிற்க, உள்ளேயிருந்து ஒரு குரல், "ஃபோர்ட்டி சிக்ஸ், உம்மட வீடு வந்திட்டுது, இறங்கும்" என்றது. என் பிள்ளை அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து இறங்கினாள். பழகிப்போயிருந்தது.

பாடசாலையின் பெயரை எழுத மாட்டேன். அந்த ரீச்சர் பொல்லாதவரும் அல்லர். ஒரு பாடவேளைக்குள் அத்தனை பிள்ளைகளையும் நிறுத்து முடிக்கச் சொன்னால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். உங்களில் பலருடைய வகுப்புகளிலும் இப்படித்தான் நடக்கிறது என்று மற்றத் தாய்மாரிடம் கேட்டபிறகுதான் இந்த மடலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது தொடை மடிப்புகளை எண்ணி எண்ணிக் கொஞ்சியவர்கள் நாங்கள்தான். கிளினிக்கில் தந்த புத்தகத்தில் நிறைக்கோடு மேலே போகப் போக எனக்குப் பெருமை. பத்து வயதானதும் அதே மாமிமார், அதே வாயால், "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய், ஓடியாடித் திரியிறேல்லையோ?" பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணத்தில் இவள் இரண்டாவது வடைக்குக் கை நீட்டியபோது, நாலு பேர் பார்க்க, அந்த வடையைப் பறித்து வைத்தவள் நான். அன்றிரவு சமையலறையில் விளக்குப் போடாமல் நின்று பிஸ்கட் தின்றாள். கலியாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்த பிள்ளைக்குப் பசி இருந்திருக்காது.

ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் வீட்டில் நாலு பேர் பார்த்தது வேறு, வகுப்பு முழுக்கக் கேட்டது வேறு.

இனி அந்த 46 பற்றி. தனியே அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. என் மகளின் உயரம் 145 சென்ரிமீற்றர். கிலோவை, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி ஏறக்குறைய 22 வரும். அதே வகுப்பில் 160 சென்ரிமீற்றர் வளர்ந்துவிட்ட ஒரு பிள்ளைக்கும் 46 கிலோ என்றால் அது 18. பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளில் முதலாவது அதிக நிறை, இரண்டாவது சாதாரணம். பெரியவர்களுக்கு உள்ளதுபோல ஒரே எல்லைக்கோடும் பிள்ளைகளுக்கு இல்லை. வயதையும் ஆண், பெண் என்பதையும் வைத்து, உலக சுகாதார நிறுவனம் 2007இல் 5 முதல் 19 வயது வரையானவர்களுக்கென்று வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் பார்க்க வேண்டும். வகுப்பில் கூவிய எண்ணை வைத்து அந்த நாற்பது பிள்ளைகளும் அறிந்துகொண்டது ஒன்றேயொன்று: யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது.

மகளின் நிறை கூடத்தான். அதை மறைக்க நான் எழுதவில்லை. வைத்தியரிடம் கொண்டுபோனேன். வளரும் வயது, மெலிய வைக்க அவசரப்படத் தேவையில்லை, நிறை இதற்குமேல் வேகமாக ஏறாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வந்து சமன் செய்யும் என்றார். பூப்படையும் காலத்தையொட்டிப் பெண்பிள்ளைகளின் உடம்பில் கொழுப்புச் சேர்வது இயல்பு என்றும் சொன்னார். இதையெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளையைப் பார்த்தே, மெல்லச் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்போது மகள் கேட்டாள்: "ஏன் அம்மா, ரீச்சரும் இப்பிடிச் சொல்லியிருக்கலாமே?"

வெட்கப்படுத்தினால் மெலிவார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. ஆராய்ச்சிகள் காட்டுவது அதற்கு நேர்மாறு. உடம்பைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடுகிறார்கள், விளையாட்டை விட்டு விலகுகிறார்கள், பின்னாளில் நிறை கூடும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் வைத்தியர்களுக்கே, பிள்ளையைப் புண்படுத்தும் சொற்களை விட்டுவிடும்படி அறிவுறுத்தியது. இன்னொன்றும் உண்டு. 1961இல் அமெரிக்காவில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு பிள்ளைகளின் படங்களைக் காட்டி, யாரை அதிகம் பிடிக்கும் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோலுடன் ஒரு பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, ஒரு கை இல்லாத பிள்ளை என்று இருந்த படங்களில் கடைசி இடம் குண்டுப் பிள்ளைக்குத்தான் கிடைத்தது. நாற்பது வருடம் கழித்து, 2003இல் வெளியான ஆய்வில் திரும்பவும் கேட்டபோதும் அதே கடைசி, முன்னையிலும் மோசமாக. பத்து வயதில் இதைத் தாங்களாகக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான்.

என் அண்ணாவும் பருத்த பிள்ளை. பள்ளிக்கூட நாடகத்தில் மூன்று வருடமும் அவன்தான் கும்பகர்ணன். அவனை எழுப்ப மத்தளம் அடித்தால் சபை விழுந்து விழுந்து சிரிக்கும். அவனுக்கு நல்ல குரல், தேவாரம் பாடினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒருவரும் அவனை இராமனாக நிறுத்திப் பார்க்கவில்லை. இப்போது ஐம்பதை நெருங்குகிறான், இன்னும் குடும்பப் படங்களில் பின்வரிசையில் யாருடைய தோளுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்வான். வயிறு பெருத்த பிள்ளையாருக்கு மோதகம் அவித்து வைத்துக் கும்பிடுகிற ஊர் நாங்கள், அதையும் யோசிக்கிறேன்.

பிள்ளைகளின் நிறை ஏன் கூடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தொடர்மாடியில் மூன்றாம் மாடி வீடு, கீழே வாகனத் தரிப்பிடம். கடல் கூப்பிடு தூரத்தில், நடுவே மரைன் டிரைவும் தண்டவாளமும். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் முடிந்து வந்தால் ஆறு மணிவரை ரியூஷன். புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் பி.ரி. பாடத்தைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், பெற்றோரும் நன்றி சொல்கிறோம். இடைவேளையில் ரோல்ஸ், பற்றிஸ், இனிப்புப் பானம். 2016 முதல் இந்த நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறிகள் இருக்கின்றன. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பாடவேளை சொல்லிக் கொடுங்கள், மெலிந்த பிள்ளைக்கும் அது தேவை. சிவப்புக் குறி போத்தலில் இருந்தால் போதும், பிள்ளையின் நெற்றியில் வேண்டாம்.

மெலிந்த பிள்ளைகளும் இதில் அடிபடுகிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். அன்று 24 கிலோ என்று வாசிக்கப்பட்ட பிள்ளைக்கு இப்போது பெயர் "ஈர்க்கு". அந்த வீட்டில் முட்டை வாங்குவதே யோசித்துத்தான். அவளுடைய தாய் என்னிடம் சொல்லி அழுதார்.

நிறை பார்க்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. பார்க்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உதவி தேவைப்படும் பிள்ளையை யார் கண்டுபிடிப்பது? தராசை வகுப்புக்கு வெளியே, ஒரு மூலையில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. எண்ணைப் பெரியவர் ஒருவரே எழுதட்டும், மொனிற்றர் வேண்டாம். கூடவோ குறையவோ இருந்தால் ஒட்டிய கடிதத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள். பெயர் வைத்துக் கூப்பிடும் பிள்ளைகளை அதட்டுவதோடு விடாமல், கூப்பிட்டுப் பேசுங்கள். கலைவிழாவில் குரலைக் கேட்டுப் பாத்திரம் கொடுங்கள். ஓட்டப் போட்டியில் கடைசியாக வருகிற பிள்ளை குண்டு எறிதலிலோ வலைப்பந்திலோ நன்றாக வரக்கூடும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

மகள் இப்போது திங்கள், வியாழன் மாலையில் என்னோடு காலிமுகத்திடலுக்கு வருகிறாள். பட்டம் விடுவதற்காக. நிறை பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். போன கிழமை ஒரு மணித்தியாலம் ஓடினாள், அது ஓட்டம் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த தவணை நிறை பார்க்கும் நாளை முன்கூட்டியே அறிவித்தால் நான் வந்து எழுதித் தருகிறேன், இன்னும் இரண்டு தாய்மாரும் வரத் தயார். திரை கட்ட என்னிடம் ஒரு பழைய கைத்தறிச் சேலை இருக்கிறது. கொடிக்கயிறு மட்டும் பாடசாலையில் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
தரம் 6 மாணவி ஒருத்தியின் அம்மா,
வெள்ளவத்தை.