வேறு வழி தேடாதே, தாயி

போடிநாயக்கனூர்,
3.9.2021

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் உன் குரல் கம்மிப் போயிருந்தது. மாதக்கணக்கில் பணம் சேர்த்து, ஜீப்புக்கு டயர் மாற்றி, லீவும் சொல்லி வைத்த பயணம் நின்றுபோனால் வருத்தமாகத்தான் இருக்கும். கலிஃபோர்னியா மலையில் ஜீப் ஓட்டிப் போகிற ரூபிகான் பாதையின் படங்களை நீ அனுப்பியபோது எனக்கே ஆசை வந்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர், பெரும்பாலும் பாறை! முப்பது வருடம் போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போனவன் நான். அந்தக் கல்லில் வண்டி எப்படி ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காட்டுத்தீயால் கலிஃபோர்னியாவின் தேசிய வனங்களை 17ஆம் தேதி வரை மூடிவிட்டார்கள் என்றாய். சரி. ஆனால், "பக்கத்து மாநிலமான நெவாடா பக்கம் திறந்துதான் இருக்கிறது, அங்கே போகலாமா என்று பார்க்கிறோம்" என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போக வேண்டாம் தாயி.

ஆகஸ்ட் 14 அன்று பற்றிக்கொண்ட கால்டோர் காட்டுத்தீ, மலை முகட்டையே தாண்டி டாஹோ ஏரிப் பக்கம் இறங்கிவிட்டது. இத்தனை கருங்கல்லை அது தாண்டாது என்றுதான் பலரும் நம்பினார்கள். திங்கட்கிழமை சவுத் லேக் டாஹோ ஊரையே காலி செய்ய வைத்தார்கள். காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் புகை நெவாடாவுக்குத்தான் போகிறது. காற்றுத் தரக் குறியீடு அந்தப் பக்கம் 300-ஐத் தாண்டி ஆபத்தான அளவுக்குப் போனதாக நீதானே சொன்னாய்? கல் பாதையில் வண்டி நடை வேகத்தில்தான் போகும். அதில் நாள் முழுக்கப் புகையைக் குடிக்க வேண்டும். முன்னால் இறங்கி நின்று கை காட்டுகிறவளையும் சரியாகப் பார்க்க முடியாது.

போன வருடம் இதே லேபர் டே விடுமுறையில் கலிஃபோர்னியாவின் மம்மத் பூல் ஏரிக்கு முகாம் போனவர்களை மறந்துவிட்டாயா? வெளியே வரும் சாலையைத் தீ அடைத்துவிட்டது. இருநூறு பேருக்கு மேல் ராணுவ ஹெலிகாப்டர்தான் தூக்கி வந்தது.

நம் குரங்கணிக் காட்டில் தீப்பிடித்த 2018 மார்ச் 11 எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கொழுக்குமலையிலிருந்து மலையேற்றம் முடித்து இறங்கியவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். மேட்டில் நெருப்பு ஆளைவிட வேகமாக ஏறும், பாப்பா. அடியில் எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடும். அன்று ஜீப்பில் தண்ணீர்க் கேன் ஏற்றிக்கொண்டு குரங்கணி வரை போனேன். தூக்கி வந்த பிள்ளைகளில் பல பேருக்கு உன் வயது. இருபது உயிருக்கு மேல் போயிற்று. உன் அம்மாவிடம் நான் இதை முழுசாகச் சொன்னதே இல்லை.

இன்னொன்று. காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதே. ஓடிய வண்டியின் சைலன்சர் சூடே பற்ற வைக்கப் போதும். மலைக்குப் போகிற நாளில் மட்டுமல்ல, சாலையோரத்திலும்தான்.

தோழிகள் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல். அப்பா விடவில்லை என்று சொல், பரவாயில்லை. இந்த லீவில் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்பு. சாம்பல் எவ்வளவு படிந்திருக்கிறது, மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா