காப்பித் தோட்டத்து கேட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரரும் நாசிக்கில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். முதல் நாள் பஞ்சவடி, மறுநாள் கோதாவரி பிறக்கிற திரியம்பகேஸ்வரம் என்று எங்கள் வயதுக்கு ஏற்ற மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் மகள், "இன்னிக்கு ஒயின் ஆலைக்குப் போறோம்மா" என்றாள். நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே ஒயினைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் "நான் வீட்லயே இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தார், அவள் விடவில்லை.

கங்காபூர் அணைத் தண்ணீர் தெரிகிற பக்கம், வரிசை வரிசையாகக் கம்பியில் ஏற்றிய திராட்சைக் கொடிகள். அறுவடை நேரம் வேறு. எங்களோடு ஒரு பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பையன் இந்தியும் இங்கிலீஷும் கலந்து விளக்கிக்கொண்டே வந்தான், மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏப்ரலில் ஒரு தடவை, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் ஒரு தடவை என்று கொடியை வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளையை வெட்டி விடுகிறார்கள், அப்போதுதான் பழம் மழையில் மாட்டாமல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் கைக்கு வருமாம். வெள்ளை ஒயினுக்குச் சாறை மட்டும் எடுத்துப் புளிக்க விடுவார்கள், சிவப்பு ஒயினுக்குத் தோலையும் சேர்த்து, ஏனென்றால் நிறம் தோலில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது. கடைசியில் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, சுழற்றி மோந்து பார்க்கச் சொன்னார்கள். நான் மோந்ததோடு சரி. அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, "கம்பம் பன்னீர் திராட்சை ஜூஸ் இதுக்குத் தேவலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் எழுத வந்தது ஒயினைப் பற்றி இல்லை. சூலா என்கிற ஒயின் கம்பெனியால் அங்கே இந்தத் தொழில் பெரிசாகத் தலையெடுத்ததே 1990களின் கடைசியில்தான். 2001ல் மகாராஷ்டிர மாநில அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை போட்டுச் சலுகை கொடுத்தது, ஆலைகள் பெருகின, இப்போது சாமி கும்பிட வருகிற கூட்டம் போக இதைப் பார்க்கவென்றே தனிக் கூட்டம் வருகிறது. நம் ஏற்காட்டில் காப்பி எத்தனை வருஷமாக இருக்கிறது? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து நட்டது, இருநூறு வருஷக் கதை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர் படகில் சுற்றி, லேடீஸ் சீட் என்கிற மலை முனையில் நின்று போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, ஒரு காப்பிப்பொடிப் பொட்டலத்தோடு இறங்கிப் போகிறார். அந்தப் பொடி எப்படி வந்தது என்று அவருக்கு யாரும் காட்டுவதில்லை.

நான் பணியில் இருந்தபோது சில வருஷம் ஏற்காட்டில் இருந்தவள், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் காப்பி பறிக்கப் போகிறவர்கள். அவர்களால்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். சிவந்த பழமாகப் பார்த்துக் கையால் பறித்து, பல்ப்பர் என்கிற மிஷினில் தோலை உரித்து, கொட்டை மேல் இருக்கிற வழுவழுப்பு போகத் தொட்டியில் புளிக்க விட்டு, கழுவி, களத்தில் நாள்கணக்கில் காய வைக்கிறார்கள். இங்கேயும் புளிக்க வைப்பதுதான் விஷயம், பாருங்கள். அப்புறம் அந்த வாசனை, சில்வர் ஓக் மரத்தில் ஏறி நிற்கிற மிளகுக் கொடி, மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை விழுந்தால் ஒரு வாரம், பத்து நாளில் மல்லிகை மாதிரி மலையே வெள்ளையாகப் பூக்கிறது. நாசிக்கில் இந்தப் பூவுக்கு ஈடாக ஒன்றும் நான் பார்க்கவில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உறவுக்காரர்களை ஒரு எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போனேன், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காவலுக்கு இருந்த பெரியவர் பாவம், "உள்ளே விட்டா என்னைத் திட்டுவாங்க டீச்சர்" என்றார். எஸ்டேட்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருகிறவர்கள் கிளையை ஒடிக்கிறார்கள், பாட்டிலை வீசுகிறார்கள், காட்டெருமை எதிரே வந்தால் யார் பொறுப்பு? சரி, அதற்குத்தானே கட்டணம், நேரம், கூட ஒரு ஆள் என்று நாசிக்கில் வைத்திருக்கிறார்கள். பறிப்புக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும். சுற்றிக் காட்டுகிற வேலையை அங்கே பறிக்கிற பெண்களுக்கே தனிக் கூலி போட்டுக் கொடுக்கலாம், அவர்களை விட யாருக்குத் தெரியும்? மாவட்ட நிர்வாகமும் காபி வாரியமும் எஸ்டேட்காரர்களைக் கூப்பிட்டு ஒரு தடவை பேசினால் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். கோடை விழாவுக்குப் பூவில் பொம்மை செய்கிற அக்கறையில் கொஞ்சம் இதற்கு வந்தாலே போதும்.

வருகிற பொங்கலுக்கு மகள் தன்னோடு வேலை பார்க்கும் மராட்டிப் பெண்கள் நாலு பேரைக் கூட்டி வருகிறாள். "எங்க ஊர்ல திராட்சை காட்டினோம், உங்க ஊர்ல என்ன ஆன்ட்டி காட்டுவீங்க" என்று போனில் கேட்டார்கள், காப்பித் தோட்டம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஜனவரியில் மேலே பழம் சிவந்து நிற்கும். எந்த கேட்டில் போய் நிற்பது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்