மாடிக்கு வராத பிசியோதெரபி: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். எலும்பு முறிவு வார்டு இரண்டாவது மாடியில், பிசியோதெரபி அறை தரைத்தளத்தின் மறுகோடியில். லிஃப்ட் எப்போது ஓடும், எப்போது ஓடாது என்பதும் உங்களுக்கே தெரியும்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த என் அம்மாவுக்கு வயது 76. அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மறுநாளே நடக்க வைக்கச் சொல்லி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியும் விட்டார். யார் நடக்க வைப்பது என்று கேட்டால், "பிசியோவுக்குக் கீழே கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். அவர் நடந்து போகக்கூடியவராக இருந்தால் பிசியோதெரபி எதற்கு?

கிடைத்த சக்கர நாற்காலியில் ஒரு பக்கம் கால் வைக்கும் பலகை இல்லை. தையல் போட்ட காலை என் துப்பட்டாவில் கட்டித் தூக்கிப் பிடித்தபடி, தம்பி தள்ள, சரிவுப் பாதையில் இறங்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். கீழே போனால் அறை பூட்டியிருந்தது. நேரம் முடிந்துவிட்டதாம், நாளை வரவேண்டுமாம். மறுநாள் ஞாயிறு.

பக்கத்துக் கட்டில் பாட்டிக்குத் தள்ளிக்கொண்டு போகவும் ஆள் இல்லை. படுத்தே கிடந்தார், முதுகில் புண் வந்துவிட்டது. நல்ல உடல்நிலையில் உள்ள முதியவரே பத்து நாள் படுத்திருந்தால் காலில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரையும் என்று ஆய்வு சொல்கிறது. சளி கட்டுவதும் ரத்தம் உறைவதும் தனி. உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பிசியோதெரபிஸ்ட் கட்டிலுக்கு வரவேண்டும்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடியே வருகிறார். அப்படியானால் அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிக்கொண்டு போனால்தான் சிகிச்சை கிடைக்குமா? ஊருக்குள் வரமுடிகிறவர்களால் இரண்டு மாடி ஏற முடியாதா? கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய மருத்துவமனை 2024-இல் திறந்தார்கள். சந்தோஷம். எங்கள் ஊர்க் கிழவிகள் எல்லாரும் இடுப்பை ஒடித்துக்கொள்ளச் சென்னைக்குத்தான் போகவேண்டும் போல.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே பிசியோதெரபி அறையில் இருக்கும் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணைக் குறை சொல்லவில்லை. மொத்த மருத்துவமனைக்கும் அவர் ஒருவர்தான், வெளிநோயாளிகளையும் அவரே பார்க்க வேண்டும். இன்னொரு பணியிடம் கேட்டு நீங்கள் மேலே எழுத வேண்டும். அதுவரை காலையில் ஒரு மணி நேரமாவது, ஞாயிறு உட்பட, பிசியோதெரபிஸ்ட் கட்டிலுக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். வார்டிலேயே இரண்டு வாக்கரும் வைத்துவிட்டால் நல்லது. தயவுசெய்து இதை இந்த வாரமே செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் எலும்பு முறிவு வார்டில் உள்ள ஒரு நோயாளியின் மகள்